மணிக்கும் குரலுக்கும் நடுவில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு பக்கக் கன்னம் வீங்கிய நிலையிலும் கைப்பேசியில் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர்க்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஒன்று மட்டும் நன்றாக விளங்கியது.

"நிறுத்தி வச்சிருக்கோம்னு அதுக்குத் தெரியவே தெரியாது சார். அது கேட்டுச்சு, பதில் வந்துச்சு, அவ்வளவுதான் அதுக்கு. நடுவுல நாம டீ குடிச்சுட்டு வந்தது நமக்குத்தான் தெரியும்."

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பல்லுக்குப் பயந்து என்று நீங்கள் நினைத்துக்கொண்டாலும் சரிதான்.

(முழு உண்மை இதுவல்ல. ஏழாம் பகுதியில் திருத்திக்கொள்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவீர்கள், கதையைப் பார்க்க மாட்டீர்கள்.)

வீட்டுக்கு வந்து முதல் வரிகளை எழுதிப் பார்த்தேன்.

"கெர்னல்காரி அன்று காலை கண்விழித்தபோது யாரோ தன்னை" வேண்டாம். காலையில் கண்விழிக்கும் கதாபாத்திரங்கள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று நாம் என்றாவது" இதில் மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது.

"அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தங்கை"

இதை முடிக்கத் தெரியாமல் அப்படியே விட்டேன். மற்ற இரண்டையும் அடித்த பிறகும் இந்த அரை வரி போக மாட்டேன் என்று நின்றுவிட்டது.

2

தங்கையின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான்.

கம்ப்யூட்டரில் ஓடும் எந்தப் புரோகிராமும் சொந்தமாக ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. கோப்பைத் திறப்பதோ, மணி என்னவென்று தெரிந்துகொள்வதோ, திரையில் ஓர் எழுத்தைக் காட்டுவதோ, எதுவானாலும் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும் கெர்னலைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். ஒரு புரோகிராம் கோளாறு செய்தால், டிபக்கர் என்ற இன்னொரு புரோகிராமை அதன் மேல் காவலுக்குப் போடுவார்கள். காவலுக்கு வந்தவருக்காக கெர்னல் அந்தப் புரோகிராமை இரண்டு இடத்தில் நிறுத்தித் தரும். கேட்க வாயெடுக்கும்போது ஒருமுறை. பதில் கைக்குப் போவதற்கு முன் இன்னொரு முறை. இரண்டு இடத்திலும் டிபக்கர் எட்டிப் பார்க்கலாம், வேண்டுமென்றால் பதிலை மாற்றியும் எழுதலாம். பிறகு "போ" என்றால் புரோகிராம் போகும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடித்துவைக்க முடியும். அடுத்தவர் வர வேண்டுமானால் முதல் ஆள் கையை எடுக்க வேண்டும்.

இந்த ஏற்பாடெல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று வடிவமைப்பவள் அவள். அலுவலகத்தில் அவளைக் கெர்னல்காரி என்பார்கள். வீட்டில் வாலு. வாலு என்று கூப்பிட அண்ணன் ஒருவன்தான் மிச்சம்.

(அப்பாவும் அம்மாவும் முதல் வரைவில் இருந்தார்கள். கதைக்கு ஆள் அதிகமாகிவிட்டதென்று எடுத்துவிட்டேன். இருவரும் இறந்துபோன வருடம் என்று அவள் அதை வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறாள்.)

அண்ணன் தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் அவளுக்குப் போன் செய்வான். எங்கேயோ ஒரு கட்டடத்தில், லிஃப்டின் கூரை மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டே பேசுவான். அவன் பேசுவான், அவள் "ம்" போடுவாள்.

"உன் 'ம்'முக்குன்னு தனியா ஒரு அகராதி போடணும் வாலு. சந்தோஷம்னாலும் ம், செத்தேன்னாலும் ம்."

"உனக்குத்தான் புரியுதே."

"எனக்குப் புரியும். நாளைக்கு உன்னைக் கட்டிக்கிறவன் பாடு திண்டாட்டம்."

"ம்."

"இது கோவம். சரி, வைக்கிறேன்."

3

அவளுடைய அலுவலக அறையில் ஜன்னல் இல்லை. ஒரு நாற்காலிக்குச் சக்கரம் உடைந்திருந்தது, புதிதாக வருபவர்கள் அதில் உட்கார்ந்து ஒருமுறை சாய்ந்து கற்றுக்கொள்வார்கள். கூரையோரம் ஒரு குழாய் போனது. டிபக்கர் எழுதும் குழுவிலிருந்து வருபவர் அதில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தே நடப்பார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் நெட்டை.

"இந்த ரெண்டு நிறுத்தமும் ஒரே மாதிரி இருக்கே," என்றார் நெட்டை. "கேக்கும்போது நிக்குதா, பதிலோட நிக்குதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணிக்கோங்க. முதல்ல கேள்வி, அடுத்தது பதில். மறுபடி கேள்வி, மறுபடி பதில்."

"நடுவுல ஒண்ணை விட்டுட்டோம்னா? அப்புறம் எல்லாமே தலைகீழா ஆயிடுமே. பதிலைக் கேள்வின்னு நினைச்சுக்குவோம்."

"எண்ணத் தெரியாதவங்க ஏன் டிபக்கர் எழுத வர்றீங்க?"

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் குறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. நெட்டை சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதுதான் உண்மையான தகராறு. பிடித்துவைத்த டிபக்கர் திடீரென்று செத்துப்போனால், பிடிபட்டு நிற்கும் புரோகிராமை என்ன செய்வது?

அவள் மூன்று வழி சொன்னாள். அதையும் சேர்த்துக் கொன்றுவிடலாம். அவிழ்த்துவிட்டு ஓடச் சொல்லலாம். அல்லது வேறு யாராவது வந்து பிடிக்கும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வைக்கலாம். நெட்டைக்கு மூன்றாவதுதான் வேண்டும். நின்றால்தானே வந்து பார்க்க முடியும் என்றார். அவள் முடிவு சொல்லவில்லை.

அன்று மாலை அண்ணனிடம் சொன்னாள். அவன் சட்டைக் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி கேட்டான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? லிஃப்ட் கூரை மேல ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் திருப்பிட்டா லிஃப்ட் என் பேச்சை மட்டும்தான் கேக்கும். கீழேயிருந்து எவன் பட்டனை அமுக்கினாலும் அசையாது. நான் மயக்கம் போட்டு விழுந்தாலும் அசையாது. நிக்கிற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"புரோகிராம் லிஃப்ட் இல்ல அண்ணா. அது ஏதாவது ஒரு கோப்பைப் பூட்டித் தன் கையில வச்சிருக்கும். அது விடுமான்னு இன்னும் நாலு புரோகிராம் காத்துக் கிடக்கும்."

"காத்துக் கிடக்கட்டும். உயிரோட இருக்குல்ல?"

4

இங்கேதான் கதை என் கையை மீறத் தொடங்கியது.

ஒரு முற்பகலில் அவள் மேஜையில் குனிந்து, தடித்த மை பேனாவால் ஒரு தாளில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோடு முடிந்த இடத்தில், பேனா முனைக்கடியில், உள்ளங்கை அகலத்துக்கு மை ஊறிப் பரவியிருந்தது. அவளுக்குத் தெரிந்து பேனாவைத் தாளில் வைத்து ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. பக்கத்தில் அப்போதுதான் ஆவி பறக்க வைத்த டீ ஆடை கட்டி, தொட்டால் சில்லென்று இருந்தது.

"நல்லாதானே இருக்கீங்க?" நெட்டை குனிந்தபடி வாசலில் நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏன்?"

"எவ்வளவு நேரமா கூப்பிடுறேன். சிலை மாதிரி உட்கார்ந்திருந்தீங்க. கண்ணைக்கூட இமைக்கல. ஒரு தடவை தோளைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்."

"எப்ப?"

அவர் அவள் முன்னாலிருந்த தாளைக் காட்டினார். அவள் தாளைத் தூக்கிப் பார்த்தாள். மை அடியிலிருந்த தாளுக்கும், அதற்கும் அடியிலிருந்த மரத்துக்கும் இறங்கியிருந்தது.

5

நான்தான். வேறு யார்?

கோட்டை இழுக்க வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் பொங்கியது. பிறகு யாரோ வந்தார்கள். பிறகு எழுதப் பிடிக்கவில்லை. அவளை நிறுத்தினால் அவள் உலகமும் சேர்ந்து நின்றுவிடும் என்றுதான் எல்லா எழுத்தாளர்களையும் போல நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. நான் பிடித்து வைத்திருந்தது அவளை மட்டும்தான். டீ தன் பாட்டுக்கு ஆறியது. மை தன் பாட்டுக்கு ஊறியது. நெட்டை வந்து நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் எழுதவே இல்லை.

இதைவிட மோசமான தவறு ஒன்று செய்தேன். என் வரைவில் ஒரு தாள் காணாமல் போனது. அது தெரியாமல் அடுத்த தாளிலிருந்து தொடர்ந்துவிட்டேன். அன்றைய மதியப் போனில் இப்படி நடந்தது:

"ஆமா வாலு, சாவி என் பையிலதான் இருக்கு. சாயங்காலம் நானே சீக்கிரம் வந்துடுறேன்," என்றான் அண்ணன், அவள் போனை எடுத்த எடுப்பிலேயே.

"என்ன சாவி?"

"வீட்டுச் சாவிதான். நீதானே இப்பக் கேட்ட, எடுத்துட்டுப் போயிட்டியான்னு."

"நான் இன்னும் வாயே திறக்கலையே அண்ணா."

அவன் பக்கத்தில் ஏதோ கம்பி காற்றில் ரீங்கரித்தது. அவள் மெல்லக் கைப்பையைத் திறந்து துழாவினாள். சாவி இல்லை.

"கேட்டியே," என்றான் அவன். குரலில் சிரிப்பு இல்லை. "உன் குரல்தான்."

பதிலைக் கேள்விக்கு முன் கொடுத்துவிட்டேன். ஒன்றை விட்டுவிட்டு எண்ணினேன். எண்ணத் தெரியாதவர்கள் ஏன் கதை எழுத வருகிறீர்கள் என்று அவள் கேட்டாலும் நியாயம்தான்.

அன்று பிற்பகல் அவள் நெட்டையைத் தேடிப் போனாள்.

"ரெண்டு நிறுத்தத்துக்கும் தனித்தனி அடையாளம் போட்டுடுறேன். கேள்விக்கு ஒண்ணு, பதிலுக்கு ஒண்ணு. நீங்க எண்ண வேண்டாம்."

"என்ன திடீர்னு எங்க மேல இரக்கம்?"

"பிடிச்சு வச்சிருக்கிறவங்க எண்ணிக்கையை நம்ப முடியாது," என்றாள். சொல்லிவிட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே குழாய்தான் இருந்தது. ஆனாலும் நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

6

முடிவெடுக்கும் கூட்டம் நடந்த நாள். காலையில் அண்ணன் கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போனான்: ஆற்றோரத்தில் அந்தக் கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட் இழுத்து இழுத்துப் போகிறதாம், கூட்டாளியோடு போகிறேன், இரண்டு பேர் வேலை.

கூட்டத்தில் அவள் உடைந்த சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான்.

"டிபக்கர் சொல்லாம கொள்ளாம போயிட்டா புரோகிராம் ஓடணும். பதிலோட நிக்குதுன்னா, கெர்னல் குடுத்த பதிலையே கையில குடுத்து விடணும். பிடிச்சு வச்சிருந்தவங்க நடுவுல மாத்தி எழுதினது எதுவும் செல்லாது."

"வந்தது மோசமான பதிலா இருந்தா?" என்றார் நெட்டை. "வாங்கின உடனே புரோகிராம் விழுந்துடுமே."

"விழட்டும். அதுக்கு வந்த பதில் அது. வேற யாரு வாங்கிக்கிறது?"

"நிக்க வச்சா ஒண்ணும் ஆகாதுங்கிறேன்."

"அதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள். "சுத்தி இருக்கிறதெல்லாம் ஆறிப் போயிடும்."

நெட்டை தோளைக் குலுக்கி ஒப்புக்கொண்டார். முடிவாகிவிட்டது. அப்போது அவருடைய கைப்பேசி மேஜையில் அதிர்ந்தது. பார்த்துவிட்டு, பேச்சை மாற்ற ஒரு செய்தி கிடைத்தவராகச் சொன்னார்:

"ஆத்தோரம் கண்ணாடிக் கட்டடம் இருக்குல்ல, அங்க லிஃப்ட் அறுந்து விழுந்துடுச்சாம். வேலை பார்த்துக்கிட்டு இருந்தவங்கள்ல ஒருத்தர்..."

அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

(அந்த லிஃப்டை விழ வைத்தது நான். கதைக்கு ஏதாவது நடக்க வேண்டியிருந்தது.)

அவள் கைப்பேசியை எடுத்தாள். அண்ணன் பெயரைத் தொடுவதற்கு முன், யாரையும் பார்க்காமல், தாழ்ந்த குரலில் பேசினாள்.

"யாரா இருந்தாலும் சரி. மாத்தாம விடுங்க."

இந்த வரியை நான் யோசிக்கவில்லை. மேற்கோள் குறியைப் போட்டேன், உள்ளே அது இருந்தது.

தொட்டாள். மணி அடித்தது. அடித்தது. அடிப்பது நின்றது. அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள்.

நிறுத்தினேன்.

7

இப்போது அவள் காதில் கைப்பேசியோடு நிற்கிறாள். பதில் வந்துவிட்டது, அவளிடம் போகவில்லை. முதலில் வரப்போவது ஒரு குரல். "சொல்லு வாலு" என்றால் ஒரு வாழ்க்கை. வேறு யாராவது பேசினால் வேறொன்று. எட்டிப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. நான் பார்க்கவில்லை.

முடிவு ஒன்று: கதையை இங்கேயே கிழித்துப் போடுவது. கதையோடு அவளும் போவாள். தாளைக் கையில் எடுத்தும் பார்த்தேன். அப்பா அம்மாவை எடுத்தபோது இருந்த கை இப்போது இல்லை.

முடிவு இரண்டு: பதிலை மாற்றி எழுதுவது. எழுதியும் விட்டேன். இதோ, பிறகு அடித்துவிட்ட வரிகளும் தெரியட்டும்:

"என்ன வாலு, சாப்பிட்டியா? எனக்கு ஒண்ணுமில்ல, நான் கீழே டீ குடிக்கப் போயிருந்தேன்," என்றது அண்ணன் குரல். அவள் ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க யாரு?" என்றாள்.

அவன் வாயில் பேசியது நான் என்று கண்டுகொண்டாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அடித்துவிட்டு மறுபடி மணி நின்ற இடத்துக்கே வந்தேன்.

முடிவு மூன்று, அண்ணன் சொன்னது: நிற்க வைப்பது. நிற்கிற வரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. உண்மையில் எனக்கு வேண்டியிருந்ததும் இதுதான். இப்போது திருத்தத்துக்கு வருகிறேன்.

பல் மருத்துவர் அறை நிஜம்தான். ஆனால் கதை அங்கே கிடைக்கவில்லை. எனக்கும் ஓர் அண்ணன் இருந்தான். அவன் என்ன வேலை பார்த்தான், என்னை என்னவென்று கூப்பிட்டான் என்பதெல்லாம் உங்களுக்குத் தர மாட்டேன். ஒருநாள் சும்மா பேசலாம் என்று போன் செய்தேன். மணி அடித்தது, நின்றது. "நீங்க யாருங்க பேசறது?" என்றது ஒரு புதுக் குரல். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். அவ்வளவுதான். மணி நின்றதற்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் இம்மியளவு இடம் இருந்தது. அதில் என் அண்ணன் உயிரோடு இருந்தான், நான் "டேய்" என்று சொல்ல வாயெடுத்திருந்தேன். அந்த இடத்திலேயே குடியிருந்துவிடலாம் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். அதற்காக ஒருத்தியை உருவாக்கி, அவளுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்து, லிஃப்டை அறுத்து, இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் டீ ஆறுகிறது. நான் அவளை மட்டும்தான் பிடித்திருக்கிறேன். நெட்டை அவள் தோளை உலுக்குகிறார். "மேடம், மேடம்" என்கிறார். யாரோ தண்ணீர் எடுக்க ஓடுகிறார்கள். கைப்பேசியின் அந்தப் பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், பதில் வராததால் மறுபடி பேசுகிறார். அது அண்ணனாக இருந்தால், தங்கையின் மௌனத்தைக் கேட்டு அவன் பயந்துகொண்டிருக்கிறான். ஆற்றோரத்தில் ஒரு கூட்டாளியைப் பறிகொடுத்துவிட்டு, வாலுவின் ஒரு "ம்"முக்காக நிற்கிறான். வேறு யாராவது என்றால், அவருக்கும் இது சுலபமான வேலை இல்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். நான் பாதுகாக்கிறேன் என்று நினைத்த இடம் உள்ளேயிருந்து அழுகிக்கொண்டிருக்கிறது.

அவள் இதையெல்லாம் முன்கூட்டியே கூட்டத்தில் சொல்லிவிட்டாள். பிடித்திருப்பவர் போய்விட்டால் ஓடணும், வந்த பதிலோடு, மாற்றாமல். அது அவளுடைய வடிவமைப்பு. நான் அதற்குக் கட்டுப்பட வேண்டியவன் இல்லை என்று இன்னும் கொஞ்ச நேரம் வாதாடலாம்.

வேண்டாம்.

8

உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்ல ஆசைதான். முடியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான். நான் முதலில் கையை எடுக்க வேண்டும், பிறகுதான் நீங்கள் வர முடியும். எவ்வளவு வேகமாக வந்தாலும் நடுவில் ஓர் இடைவெளி விழும். அதில் அவளை நானும் பார்க்க மாட்டேன், நீங்களும் பார்க்க மாட்டீர்கள். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவள் தனியாக இருப்பாள். அந்தக் குரலை அவள் அப்போது கேட்டுக்கொள்வாள்.

எடுத்துவிட்டேன்.

நீங்கள் வந்துவிட்டீர்களா? பாருங்கள், அவள் கண் இமைக்கிறது. நெட்டை கையை விலக்கிக்கொள்கிறார். தண்ணீர் டம்ளர் மேஜைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் குரல் ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறது. அவள் கைப்பேசியை இன்னும் காதிலேயே அழுத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறாள். உங்களுக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.

"ம்," என்கிறாள்.

அது எந்த "ம்" என்று சொல்லத் தெரிந்தவன் ஒருவன்தான்.